மச்சான் வேட்பாளர், நான் உதவிப் பேராசிரியர்: தேர்தல் நேரத்தில் எது கூடும், எது கூடாது?

கேள்வி கேட்டவர் மதுரையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். வீடு திருமங்கலத்தில். மனைவிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. மனைவியின் அண்ணன் சட்டமன்றத் தேர்தலில் மேலூர்ப் பக்கம் ஒரு கட்சி சார்பில் நிற்கப்போகிறாராம். கூடப்போய் ஓட்டுக் கேட்கலாமா, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவர் படத்தை வைக்கலாமா, பூத் ஏஜென்ட்டாக உட்காரலாமா, தேர்தல் பணி உத்தரவு வந்தால் என்ன செய்வது, பிற்காலத்தில் தானே நிற்க ஆசைப்பட்டால் வேலையை விட வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். "நாங்கள் அரசு ஊழியர் இல்லையே, எங்களுக்கு என்ன கட்டுப்பாடு?" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பல்கலைக்கழக நிர்வாகப் பிரிவில் பைல்களோடு காலம் தள்ளியவன், தேர்தல் பணிக்கும் போய்வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தேர்தல் தேதி அறிவித்ததும் எல்லோரும் "நடத்தை விதி வந்துடுச்சு, இனிமே வாயைத் திறக்கக் கூடாது" என்பார்கள். தேர்தல் ஆணையத்தின் மாதிரி நடத்தை விதிகள் கட்சிகளுக்கும், வேட்பாளர்களுக்கும், ஆட்சியில் இருப்பவர்களுக்கும் எழுதப்பட்டவை. உங்களைக் கட்டுவது பணி நடத்தை விதி. அதற்குத் தேர்தல் சீசன் என்று ஒன்று கிடையாது, வருடம் முழுக்க அமலில் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் பார்க்கிற கண்களும் புகார் மனுக்களும் கூடிவிடுகின்றன, அவ்வளவுதான்.

அடுத்து, உங்கள் முதலாளி யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மேலே பேசிப் பயனில்லை. மதுரையிலேயே நாலு வகை இருக்கிறது. அரசுக் கல்லூரிப் பேராசிரியர் அப்பட்டமான அரசு ஊழியர். 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவருக்கு நேரடியாகப் பொருந்தும். உங்கள் மனைவி பல்கலைக்கழக ஊழியர். மதுரை காமராஜர் பல்கலைக்கழகம் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தனி அமைப்பு. அங்கே வேலை பார்ப்பவரைக் கட்டுவது அந்தச் சட்டமும் அதன் கீழ் வந்த சாசன விதிகளும். நீங்கள் உதவிபெறும் கல்லூரி. சம்பளம் ஜே.டி. ஆபீஸ், அதாவது கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம், வழியாக அரசுப் பணத்தில் வருகிறது, நியமித்தது கல்லூரி நிர்வாகம். 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும், நிர்வாகத்தோடு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் உங்களுக்கு. சின்னாளப்பட்டிப் பக்கம் காந்திகிராமம் மாதிரி மத்திய அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்றால் கதை வேறு, அங்கே மத்திய அரசு விதிகளின் வாடை அதிகம் அடிக்கும். ஆக, ஒரே வீட்டில் இருக்கிற உங்கள் இருவருக்குமே விதிப்புத்தகம் ஒன்றில்லை. நியமன உத்தரவை எடுத்து, எந்த விதிகளுக்கு உட்பட்டு நியமனம் என்ற வரியைப் படியுங்கள். புரியவில்லை என்றால் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் கேளுங்கள். டீக்கடை பெஞ்சில் கேட்காதீர்கள்.

விதிப்புத்தகம் வேறுவேறாக இருந்தாலும், தேர்தல் விஷயத்தில் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் அரசு விதியை ஒட்டியே இருக்கும். அதனால் அரசு விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 5-ஆம் விதி தெளிவாக இருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கட்சியில் உறுப்பினராக இருக்கக் கூடாது. கட்சிக்குச் சந்தா, நன்கொடை தரக் கூடாது. தேர்தலில் ஓட்டுக் கேட்கவோ, செல்வாக்கைப் பயன்படுத்தவோ கூடாது. ஓட்டுப் போடலாம்; ஆனால் யாருக்குப் போடப்போகிறோம், யாருக்குப் போட்டோம் என்று வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது. சட்டைப் பையிலோ, வண்டியிலோ, வீட்டிலோ கட்சிச் சின்னத்தை வைத்தால் அதுவே செல்வாக்கைப் பயன்படுத்தியதாக ஆகும் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். பைக் டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கர் வரை விதி வந்துவிட்டது, கவனியுங்கள். 'சொந்தக்காரர் நின்றால் பரவாயில்லை' என்று அதில் ஒரு விலக்கும் இல்லை.

நன்கொடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கட்சிக்கு ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டு, வருமான வரியில் 80ஜிஜிசி பிரிவில் கழிவு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ரசீதைச் சம்பளப் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் மீதான ஆதாரத்தை நீங்களே பைலில் கோத்துக் கொடுத்ததாக ஆகும்.

கூட்டத்துக்குப் போகலாமா? இதில் ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. திரிபுராவில் மீன்வளத் துறை ஊழியர் ஒருவரை, ஓய்வு பெறச் சில நாட்களே இருக்கும்போது சஸ்பெண்ட் செய்தார்கள். அரசியல் பேரணிக்குப் போனார், பேஸ்புக்கில் எழுதினார் என்பது குற்றச்சாட்டு. 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம், கூட்டத்துக்குப் போவது வேறு, அதில் பங்கேற்பது வேறு என்று சொல்லி நடவடிக்கையை ரத்து செய்தது. அரசு ஊழியர் என்பதாலேயே பேச்சுரிமை பறிபோய்விடாது, விதி போட்ட எல்லைக்குள் அது இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே தமுக்கம் மைதானத்தில் யாராவது பெரிய தலைவர் பேசினால் ஓரமாக நின்று கேட்டுவிட்டு வருவதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். மேடை ஏறினால், கொடி பிடித்தால், துண்டு போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றால் அது பங்கேற்பு. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அந்த ஊழியர் ஜெயித்தது உண்மைதான், ஆனால் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் ஜெயித்தார். மெமோவுக்கு விளக்கம் எழுதி, விசாரணைக்கு அலைந்து, ஓய்வூதியப் பலன்கள் நிற்கிற கஷ்டம் தீர்ப்பில் எழுதப்படுவதில்லை.

உங்கள் மச்சானோடு தெருத்தெருவாகப் போவது மேலே சொன்ன கணக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஓட்டுக் கேட்பதுதான். வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுங்கள், விபூதி பூசி வாழ்த்தி அனுப்புங்கள். அதை யாரும் கேட்க முடியாது.

வாட்ஸ்அப்தான் இப்போது பெரிய தலைவலி. ஸ்டேட்டஸில் சின்னத்தோடு மச்சான் படம் வைத்தால், வண்டியில் சின்னம் ஒட்டியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருநூறு பேர் பார்க்கிறார்கள், அதில் ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் போதும். அதைவிட மோசம் துறையின் குழுக்கள். 'மூன்றாமாண்டு இயற்பியல்' என்று பெயர் வைத்த குழுவில் நீங்கள் அட்மின். இன்டர்னல் மார்க் உங்கள் கையில். அங்கே ஒரு பிரசார வீடியோவை 'சும்மா பார்வர்டு' செய்தால், அது மாணவருக்குச் சும்மா வந்ததாகத் தெரியுமா? இந்தத் தலைமுறைப் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல்முறை வாக்காளர்கள். மார்க் போடுகிற கை ஓட்டுக்கும் நீண்டால் அது வேறு விவகாரம். வாக்காளரின் சுதந்திரத்தில் தகாத முறையில் தலையிடுவதை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவு குற்றமாகவே வைத்திருக்கிறது. ஒரு பார்வர்டு அந்த அளவுக்குப் போய்விடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் 'வராவிட்டால் பார்த்துக்கொள்கிறேன்' என்று மாணவர்களை வேனில் ஏற்றிப் பிரசாரத்துக்கு அனுப்பினால் அந்தப் பிரிவுக்கு வெகு அருகில் நிற்கிறீர்கள். என்.எஸ்.எஸ். மாணவர்களை 'பொதுச் சேவை' என்று சொல்லி மச்சானின் கூட்டத்தில் நாற்காலி போட அனுப்புவதும் இதே கதைதான்.

அதற்காக வகுப்பில் அரசியலே பேசக் கூடாது என்றில்லை. அரசியல் அறிவியல் ஆசிரியர் தேர்தலைப் பற்றிப் பேசாமல் எதைப் பேசுவார்? கூட்டணிக் கணக்கு, வாக்கு சதவீதம், 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு நாடெங்கும் அடிபட்ட 'திருமங்கலம் பார்முலா' என்கிற ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் வித்தை எல்லாமே பாடம்தான். கட்டுரை எழுதலாம், கருத்தரங்கில் பேசலாம். 'ஆகவே இன்ன சின்னத்தில் குத்துங்கள்' என்று முடிக்காதவரை அது கல்வி. தேர்தல் வந்துவிட்டது என்று கருத்தரங்கையே ரத்து செய்யும் முதல்வர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். விதியில் இல்லாத பயத்தை அவர்களாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கல்லூரி மைதானத்தைக் கூட்டத்துக்குக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மச்சான் கேட்பார். தேர்தல் ஆணையத்தின் நிலைப்பாடு இது: படிப்பு பாதிக்கக் கூடாது, நிர்வாகத்தின் சம்மதமும் உரிய வருவாய்த் துறை அதிகாரியின் முன் அனுமதியும் வேண்டும், முதலில் கேட்டவருக்கு முதலில், ஒரே கட்சிக்கு மொத்தமாக எழுதிக்கொடுக்கக் கூடாது. இதை முடிவு செய்ய வேண்டியது நிர்வாகம். நீங்கள் நடுவில் நின்று 'ஏற்பாடு' செய்யாதீர்கள். 2019 மார்ச்சில் சென்னை ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியில் ராகுல் காந்தி மாணவிகளோடு உரையாடினார். அனுமதி எப்படிக் கொடுத்தீர்கள் என்று கல்லூரிக் கல்வி இயக்ககம் உடனே விசாரிக்கச் சொன்னது. அவ்வளவு பெரிய கல்லூரிக்கே அந்த நிலைமை.

பூத் ஏஜென்ட் கேள்விக்கு வருகிறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இல் 134ஏ என்று ஒரு பிரிவு. அரசுப் பணியில் இருப்பவர் தேர்தல் ஏஜென்ட்டாகவோ, பூத் ஏஜென்ட்டாகவோ, வாக்கு எண்ணிக்கை ஏஜென்ட்டாகவோ இருந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'நான்தான் அரசுப் பணியில் இல்லையே' என்பீர்கள். எழுத்துப்படி பார்த்தால் உங்கள் வாதத்தில் உயிர் இருக்கிறது. கல்லூரி நிர்வாகமும் பல்கலைக்கழகமும் அரசு அல்ல. ஆனால் அந்த வாதத்தைக் காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் போய்ச் சொல்ல வேண்டி வரும். அதற்குள் பணி விதியின்படி நிர்வாகம் தனியாக மெமோ கொடுத்திருக்கும். வேண்டாம்.

இதில் மச்சானுக்கும் ஆபத்து உண்டு, அதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அதே சட்டத்தின் 123(7) பிரிவு, குறிப்பிட்ட வகை அரசுப் பணியாளர்களின் உதவியை வேட்பாளர் பெறுவதையே முறைகேடு என்கிறது. 2009-இல் செய்த திருத்தத்தில் பல்கலைக்கழகம், உள்ளாட்சி போன்றவற்றில் வேலை பார்த்து, தேர்தல் பணிக்காக ஆணையம் நியமித்தவர்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். முறைகேடு நிரூபணமானால் ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகும். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் ரே பரேலி வெற்றியை ரத்து செய்ததற்கு ஒரு காரணம் இந்தப் பிரிவுதான். பிரதமர் செயலகத்தில் இருந்த யஷ்பால் கபூர் 1971 ஜனவரி 13-இல் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். அது ஏற்கப்பட்ட தேதி ஜனவரி 25. இடைப்பட்ட நாட்களில் அவர் பிரசார வேலை பார்த்ததை, அரசுப் பணியில் இருந்துகொண்டே செய்ததாக நீதிபதி எடுத்துக்கொண்டார். பிறகு சட்டத்தையே திருத்தினார்கள், 1975 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லும் என்றது. அது பெரிய இடத்து விவகாரம். மேலூர் வேட்பாளருக்காக யாரும் சட்டத்தைத் திருத்த மாட்டார்கள்.

தேர்தல் பணி உத்தரவு. 'நாங்கள் அரசு ஊழியர் இல்லை' என்ற பேச்சு இங்கே செல்லவே செல்லாது. அதே 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களையும், அரசு நிதியில் பெருமளவு நடக்கும் நிறுவனங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கேட்டால் ஆள் கொடுத்தாக வேண்டும். தலைமை அலுவலராகவோ வாக்குச்சாவடி அலுவலராகவோ நியமனம் ஆனவர், 28ஏ பிரிவின்படி தேர்தல் அறிவிக்கை முதல் முடிவு வரும்வரை ஆணையத்தின் கட்டுப்பாட்டில் அயல்பணியில் இருப்பதாகக் கணக்கு. 129-ஆம் பிரிவின்படி, தன் ஓட்டைப் போடுவது தவிர எந்த வேட்பாளருக்கும் சாதகமாக ஒன்றும் செய்யக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. கையில் அந்த உத்தரவு வருவதற்கு முந்தின நாளும் மறுநாளும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒரே ஆள் இல்லை.

உங்கள் விஷயத்தில் உத்தரவு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான். மனைவியின் அண்ணன் வேட்பாளர் என்று மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு, அதாவது ஆட்சியருக்கு, எழுதிக் கொடுங்கள். கல்லூரி முதல்வர் வழியாக ஒன்று, நேரில் ஒன்று, நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். மனைவிக்கும் உத்தரவு வந்தால் அவரும் பதிவாளர் வழியாகத் தனியாக எழுத வேண்டும். 'வேறு தொகுதியில்தானே போடுவார்கள், எதற்கு?' என்று இருந்துவிடாதீர்கள். தெரிந்தும் மறைத்தார் என்ற பேச்சு வந்தால் அதைத் துடைப்பது கஷ்டம்.

பணிக்குப் போய்விட்டால் சின்ன விஷயங்களில் உஷாராக இருங்கள். முதல் நாள் இரவு பள்ளிக்கூடத்தில் இயந்திரத்தோடு படுத்திருப்பீர்கள். காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்கு வரும் ஏஜென்ட்களில் ஒருவர் ஊர்ப் பெரிய மனிதர். "சார், வீட்ல இருந்து இட்லி வந்திருக்கு, சூடா சாப்பிடுங்க" என்று தூக்குவாளியைத் திறப்பார். அவர் மனசில் கள்ளம் இருக்காது, நம் பக்கத்து விருந்தோம்பல் அப்படி. ஆனால் எதிர்க் கட்சி ஏஜென்ட் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மாதிரி வாக்குப்பதிவில் ஐம்பது ஓட்டு எண்ணுவதற்குள் 'பிரிசைடிங் ஆபீசர் அவங்க சாப்பாட்டைத்தான் சாப்பிடுறார்' என்று மண்டலக் குழுவுக்குப் போன் போகும். ஊராட்சியில் சமைத்துத் தருபவரிடம் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுங்கள். பிஸ்கட் பாக்கெட் பையில் இருக்கட்டும். சித்திரைத் திருவிழாவுக்காக மதுரையில் இரவு 8 மணி வரை ஓட்டுப்பதிவை நீட்டித்த 2019 ஏப்ரல் 18 மாதிரி நாளெல்லாம் வந்தால் அந்த பிஸ்கட்தான் கைகொடுக்கும். அதே தேர்தலில், இயந்திரங்கள் வைத்திருந்த மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் அனுமதி இல்லாமல் ஒரு பெண் அதிகாரி போனதற்கு ஆட்சியர் வரை மாற்றப்பட்டது மதுரைக்காரர் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் இதையெல்லாம் அற்பம் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் சொந்த ஓட்டு என்னாகும்? வீடு திருமங்கலம். நாடாளுமன்றத் தேர்தல் என்றால் அது விருதுநகர் தொகுதி. மதுரைத் தொகுதியில் பணி போட்டால் தபால் ஓட்டுதான். சொந்தத் தொகுதிக்குள்ளேயே பணி என்றால் தேர்தல் பணிச் சான்று வாங்கி, வேலை பார்க்கும் பூத்திலேயே போடலாம். சட்டமன்றத் தேர்தலில் சொந்தத் தொகுதியில் பணி போடுவதைத் தவிர்ப்பார்கள் என்பதால் அநேகமாகத் தபால் ஓட்டுத்தான். அதற்கான விண்ணப்பமான படிவம் 12-ஐப் பயிற்சி வகுப்பிலேயே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். 2023-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பணியில் இருப்பவர்கள் அதற்கென்று வைத்திருக்கும் வசதி மையத்திலேயே போட்டுவிட வேண்டும். முன்போல வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசி முடிவெடுக்கிற வேலை இல்லை. குத்திய சீட்டைப் போட்டோ எடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

நீங்களே நிற்பது பற்றி. நம் ஊரில் முன்னுதாரணம் உண்டு. யாதவர் கல்லூரி முதல்வராக இருந்த தமிழ்க்குடிமகன் 1989-இல் இளையான்குடியில் ஜெயித்துச் சட்டப்பேரவைத் தலைவரானார். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மனோஜ் ஜா 2018-இல் மாநிலங்களவைக்குப் போனார். இங்கே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்று, அரசியலமைப்பின் 191-ஆம் பிரிவு சொல்லும் 'அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி'யா உங்களுடையது? யார் நியமிக்கிறார், யார் நீக்க முடியும், யார் சம்பளம் தருகிறார், யார் வேலையைக் கட்டுப்படுத்துகிறார் என்று சேர்த்துப் பார்த்துத்தான் நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன. அரசுக் கல்லூரி ஆசிரியர் இதில் நேராக மாட்டுவார். பல்கலைக்கழகம், உதவிபெறும் கல்லூரி ஆட்களுக்கு வாதாட இடம் இருக்கிறது. இரண்டு, அந்தத் தகுதி இருந்தாலும் உங்கள் பணி விதி அனுமதிக்கிறதா? அரசியலமைப்பு தடுக்காததை நிர்வாகம் தடுக்கலாம். ராஜினாமாதான் வழி என்றால், வேட்புமனு பரிசீலனை நாளுக்கு முன்பே அது ஏற்கப்பட்டு, உத்தரவு கையில் இருக்க வேண்டும். கடிதம் கொடுத்த ரசீது போதாது. யஷ்பால் கபூர் கதையை இதற்காகத்தான் தேதியோடு சொன்னேன்.

மனைவி கேட்கச் சொன்னதாக ஒரு துணைக் கேள்வி இருந்தது: சங்க உறுப்பினராக இருக்கலாமா? தாராளமாக. மூட்டா போன்ற ஆசிரியர் சங்கமோ, அலுவலர் சங்கமோ அரசியல் கட்சி இல்லை. சம்பளம், பணி நிரந்தரம், ஓய்வூதியம் பற்றி நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் நின்று கோஷம் போடுவதைத் தேர்தல் பிரசாரம் என்று யாராவது சொன்னால் தைரியமாக மறுக்கலாம். சங்கத்தின் லெட்டர்பேடில் 'இன்னாருக்கு வாக்களியுங்கள்' என்று அறிக்கை வரும்போதுதான் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் பணி விதியைத் திறந்து பார்க்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்கள் விதி தங்களுக்கு இல்லை என்று நினைப்பார்கள்; அவர்களுக்கு மெமோகூட வராது, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. மச்சானுக்குப் படித்த ஆளாக ஒரு பூத் ஏஜென்ட் வேண்டுமென்றால், ஓய்வு பெற்ற நல்ல வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள். அவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் அந்தப் பகுதியிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.